திவால், நொடிப்பு, மஞ்சள் கடுதாசி: எதை எங்கே எழுதுவது?

பேரேடு

தொழில், சட்டச் சொற்பட்டியல் ஒன்று தயாராகிறது. இன்சால்வன்சி, பேங்க்ரப்ட்சி, டிஃபால்ட், லிக்விடேஷன், ரைட் ஆஃப் என்று ஐந்து சொற்கள். நாளிதழ்களைப் புரட்டினால் ஐந்துக்கும் கிடைப்பது 'திவால்' ஒன்றுதான். மிஞ்சிப்போனால் கடைசிச் சொல்லுக்குத் 'தள்ளுபடி'. அகராதிகளோ 'கடன் தீர்க்க வகையற்ற நிலை' என்று முழ நீளத்துக்குத் தருகின்றன. செய்தித் தலைப்பிலும் அடங்க வேண்டும், வக்கீலும் முகம் சுளிக்கக் கூடாது. ஒன்றுக்கு ஒன்று என்று வகுத்துவிட முடியுமா? பேச்சு வழக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதற்குத் தனிப் பகுதி உண்டு.

கணக்குப்பிள்ளை

சொல்லைத் தேடும் முன் ஆள் எந்தப் படியில் நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒருவருக்குச் சரக்கு, கட்டடம், வரவேண்டிய பாக்கி எல்லாம் சேர்த்து 80 லட்சம். கொடுக்க வேண்டியது 60 லட்சம். ஆனால் கையில் 2 லட்சம்தான் இருக்கிறது, திங்கட்கிழமை கட்ட வேண்டியதோ 15 லட்சம். இது பணமுடை. நொடிப்பு அல்ல, திவாலும் அல்ல. சரக்கு விற்றால் சரியாகிவிடும்.

இன்னொருவருக்குச் சொத்து 40, கடன் 70. ஆனாலும் முன்பணம் வந்துகொண்டே இருப்பதால் ஒரு தவணைகூடத் தப்பவில்லை. ஏட்டில் இவர் நொடித்தவர். கடைவீதியில் இவர்தான் பெரிய கை! முன்பணம் ஒரு மாதம் நின்றால் போதும், மொத்தமும் சரியும்.

முதல் ஆள் திங்கட்கிழமை கட்டவில்லை என்றால் அது தவணை தப்பல். டிஃபால்ட் என்பது இது மட்டும்தான். அதற்குத் 'திவால்' என்று எழுதினால், சொத்து கடனைவிடக் கூடுதலாக இருக்கும் ஆளின் பெயரைக் கெடுத்தவர்கள் ஆவோம். அப்படி எழுதிய மறுநாள் கடன் கொடுத்த அத்தனை பேரும் வாசலில் நிற்பார்கள், பணமுடை நிஜமாகவே நொடிப்பாகிவிடும்.

ஆக என் பங்கீடு: லிக்விடிட்டி இறுக்கத்துக்குப் பணமுடை, டிஃபால்ட்டுக்குத் தவணை தப்பல், இன்சால்வன்சிக்கு நொடிப்பு. திவால் என்பதை ஆணை வந்த பிறகு மட்டும் எழுத வேண்டும்.

சொல்வேர்

இந்தப் பங்கீட்டுக்குச் சொற்களின் பிறப்பும் ஓரளவு ஒத்துவருகிறது.

'திவால்' இந்தியின் 'திவாலா'விலிருந்து வந்தது. இந்தி அகராதிகள் தரும் விளக்கம் இது: முறிந்துபோன வணிகர் பட்டப்பகலில் கடையில் விளக்கேற்றி வைப்பாராம். 'திவா' என்றால் விளக்கு, 'பால்னா' என்றால் ஏற்றுவது. வழக்கம் எந்த அளவுக்கு இருந்ததோ, சொல்லுக்குள் இருப்பது ஊரறிய அறிவிக்கும் செயல். கணக்குப்பிள்ளை சொல்லும் 'ஆணைக்குப் பிறகு மட்டும்' என்பதற்கு இதைவிடப் பொருத்தமான பூர்வீகம் கிடைக்காது.

'நொடிப்பு' நம் சொல். நொடிதல் என்றால் ஒடிதல், தளர்தல், நிலை தாழ்தல். 'குடும்பம் நொடித்துப்போச்சு' என்று சொல்லும்போது அங்கே கோர்ட்டும் இல்லை, மனுவும் இல்லை. உள்ளே நடந்ததை மட்டும் அது சொல்கிறது. இன்சால்வன்சி ஒரு நிலை, பேங்க்ரப்ட்சி ஓர் அறிவிப்பு. அந்த வேறுபாடு தமிழில் ஏற்கெனவே இருக்கிறது, நாம்தான் பயன்படுத்தவில்லை.

'ஓட்டாண்டி' மூன்றாவது ரகம். ஓடும் ஆண்டியும் சேர்ந்தது. கையில் திருவோடு மட்டும் மிஞ்சியவர். இது நடைமுறைக்குப் பிறகான முடிவு. நிறுவனத்துக்குப் பொருந்தாது, மனிதருக்கு மட்டும்.

வாங்குப்பலகை

இலங்கைத் தமிழை விட்டுவிட்டீர்களே. எங்கட பக்கம் 'வங்குரோத்து' என்பதுதான் சொல். 2022 ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்த பிறகு 'வங்குரோத்து நாடு' என்று எழுதாத பேப்பர் இல்லை. திவால் என்றால் விளங்கும், ஆனால் அது இந்தியப் பத்திரிகைச் சொல்.

மூலம் டச்சு மொழியின் 'பாங்க்ரூட்'. சிங்களத்தில் 'பங்கொலொத்' என்று நிற்பதும் அதே சொல்தான். அதற்கும் மேலே போனால் இத்தாலிய 'பாங்கா ரோத்தா', முறிந்த பலகை. காசு மாற்றும் வணிகர் உட்கார்ந்த வாங்கை (பெஞ்சை) உடைத்துவிடுவார்கள் என்று அதற்கு ஒரு கதை சொல்லுவார்கள்.

இதில் ரசிக்க ஒன்று இருக்கு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருக்கிற 'வாங்கு' போர்த்துக்கேய 'பாங்கோ'விலிருந்து வந்தது. வாங்கும் வங்குரோத்தும் ஒரே பலகையின் இரண்டு துண்டுகள். ஒன்று போர்த்துக்கேயக் கப்பலில் வந்தது, மற்றது டச்சுக் கப்பலில்.

கணக்கியலிலும் எங்கட சொற்கள் வேறு. உங்கள் வாராக்கடன் இங்கே 'அறவிடமுடியாக் கடன்'. ஏட்டிலிருந்து நீக்குவது 'பதிவழிப்பு'. இன்னொரு பொறி: 'திறைசேரி முறி' என்று கண்டால் ஏதோ முறிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். முறி என்றால் கடன் பத்திரம், ஆவணம் என்ற பழைய பொருள். 'முறிவு'தான் நீங்கள் நினைப்பது. இரண்டையும் பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் அச்சுப்பிழை என்று யாராவது திருத்திவிடுவார்கள்.

கோர்ட்வாசல்

மஞ்சள் கடுதாசிக்கு வருவோம். 'ஐ.பி. கொடுத்துட்டான்', 'மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்' இரண்டும் ஒன்று. ஐ.பி. என்பது இன்சால்வன்சி பெட்டிஷன், அதாவது நொடிப்பு மனு. அந்தச் சேதியைத் தாங்கி வந்த தாளின் நிறத்தால் வந்த பெயர் என்பதே பரவலான விளக்கம். சட்டத்தில் நிறம் பற்றி ஒரு வரியும் கிடையாது. கல்யாணப் பத்திரிகையின் மூலையில் தடவும் மஞ்சளே இங்கே வந்து நிற்பது நம் பேச்சு மொழியின் குசும்பு.

பலர் கவனிக்காதது, இந்தப் பெயருக்குள் இரண்டு தனித்தனிக் காகிதங்கள் ஒளிந்திருப்பது. ஒன்று, கடனாளி தானே கடன் கொடுத்தவர்களுக்கு 'இனி என்னால் கட்ட முடியாது, நிறுத்துகிறேன்' என்று அனுப்பும் அறிவிப்பு. 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் 'நொடிப்புச் செயல்கள்' என்று ஒரு வரிசை உண்டு. இந்த அறிவிப்பு அதில் ஒன்று. அதை அனுப்பியவுடன், 500 ரூபாய்க்குக் குறையாத கடன் வரவேண்டிய யாரும் மூன்று மாதத்துக்குள் அவர்மேல் மனுப் போடலாம். இரண்டாவது, கடனாளியே மனுப் போட்ட பிறகு நீதிமன்றத்திலிருந்து கடன் கொடுத்தவர்களுக்குப் போகும் நோட்டீஸ். முதலாவது ஆபத்தை வரவழைப்பது, இரண்டாவது தற்காப்பு. பட்டியலில் தனித்தனியாகப் போடுங்கள்.

2016இல் வந்த நொடிப்பு மற்றும் திவால் சட்டம் பழையதை நீக்குவதாகச் சொல்கிறது. ஆனால் தனிநபருக்கான மூன்றாம் பாகம், நிறுவனக் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மற்றத் தனிநபர்களுக்கு இன்றும் பழைய சட்டம்தான். சென்னை நகரத்துக்குள் 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி உயர் நீதிமன்றம். அங்கே சொத்தைப் பொறுப்பேற்பவர் அஃபிஷியல் அசைனி. வெளியூர்களில் 1920ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே அவர் பெயர் அஃபிஷியல் ரிசீவர். இரண்டுக்கும் 'அதிகாரபூர்வப் பெறுநர்' என்றே எழுதிவிடுகிறார்கள். ஊர் மாறினால் பதவியின் பெயரும் மாறும்.

அசல்வட்டி

ஒரு சந்தேகம். மஞ்சள் கடுதாசி கொடுத்தால் கடன் அன்றோடு போச்சு என்றுதான் ஊரில் பேச்சு. 'கொடுத்தவன் பணம் அம்பேல்' என்பார்கள். அப்படியானால் மனுவே திவால்தானே?

கோர்ட்வாசல்

இல்லை. இந்த ஒரு தப்பு எண்ணத்தால் கெட்டவர்கள் இரண்டு பக்கமும் உண்டு. கட்டங்களைப் பாருங்கள்.

மனு என்பது வெறும் வேண்டுகோள். கடன் 500 ரூபாயாவது இருக்க வேண்டும், அல்லது பணத் தீர்ப்பை நிறைவேற்றும் கைதிலோ ஜப்தியிலோ ஆள் சிக்கியிருக்க வேண்டும். கடன் கொடுத்த ஒவ்வொருவர் பெயர், முகவரி, தொகை, தன் சொத்து ஒவ்வொன்றின் மதிப்பு, அது இருக்கும் இடம் எல்லாம் மனுவில் வர வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் அந்த ஓட்டை பின்னால் பெரிதாகும்.

விசாரணைக்குப் பிறகு 'இவர் நொடித்தவர்' என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்கும். நியாயமாகத் திவால் என்ற சொல் பிறக்க வேண்டிய இடம் இது. அன்றிலிருந்து சொத்து அவர் கையில் இல்லை, ரிசீவர் கையில். தொழில் கருவி, சமையல் பாத்திரம் போன்ற சில மட்டும் விலக்கு. ஆனால் கடன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது!

கடன் தீர்வது மூன்றாவது கட்டத்தில். அதன் பெயர் விடுவிப்பு, டிஸ்சார்ஜ். தீர்ப்பு ஆணையிலேயே 'இத்தனை காலத்துக்குள் விடுவிப்பு கேள்' என்று கெடு எழுதியிருக்கும். அதற்குள் கேட்காமல் விட்டால் 43ஆம் பிரிவின்படி நொடிப்புத் தீர்ப்பே ரத்தாகும். கடன் கொடுத்தவர்கள் பழையபடி வசூலுக்குக் கிளம்பலாம். மனுவோடு வேலை முடிந்தது என்று வக்கீல் வீட்டுப் பக்கமே எட்டிப்பார்க்காதவர்கள் மாட்டுவது இங்கேதான்.

விடுவிப்பு கிடைத்தாலும் அரசுக்குரிய கடன், மோசடியால் ஏற்பட்ட கடன், ஜீவனாம்சம் இவை போகாது. ஜாமீன்தாரரும் தப்ப மாட்டார். அடமானம் வைத்திருக்கும் வங்கிக்கு மனு, தீர்ப்பு எதுவும் தடையில்லை, அது தன் பிணையை விற்கலாம். மனுவுக்கு முன்னால் வீட்டைச் சம்சாரம் பேருக்கு எழுதி வைத்திருந்தால், மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் சரியான விலை வாங்காமல் கொடுத்த எதையும் ரிசீவர் உடைக்கலாம். மனுவுக்கு முந்தைய 3 மாதத்துக்குள், மற்றவர்களை விட்டு ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டிக் கடனை அடைத்திருந்தாலும் அதே கதி.

பட்டியலுக்கு: நொடிப்பு மனு, நொடிப்புத் தீர்ப்பு, விடுவிப்பு, விடுவிப்புப் பெறாத நொடித்தவர். கடைசிச் சொல் முக்கியம். அரசியல் சாசனத்தின் 102, 191 பிரிவுகளில் எம்.பி., எம்.எல்.ஏ. பதவிக்குத் தகுதியிழப்பு என்று சொல்வது இவரைத்தான். 'திவாலானவர் தேர்தலில் நிற்க முடியாது' என்று எழுதினால் பாதிதான் சரி. விடுவிப்புப் பெற்றவருக்கு அந்தத் தடை இல்லை.

கணக்குப்பிள்ளை

இப்போது கம்பெனி. நாளிதழ்கள் அதிகம் சறுக்கும் இடம்.

இந்தியச் சட்டப்படி ஒரு கம்பெனி 'பேங்க்ரப்ட்' ஆவதே இல்லை. அந்தச் சொல் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனிநபருக்கும் பார்ட்னர்ஷிப் என்ற கூட்டு நிறுவனத்துக்கும் உரியது. கம்பெனிக்கு உள்ளவை இரண்டு: கம்பெனியைக் காப்பாற்றப் பார்க்கும் நொடிப்புத் தீர்வு நடவடிக்கை, அது தோற்றால் சொத்தை விற்றுக் கணக்கை முடிக்கும் கலைப்பு, அதாவது லிக்விடேஷன்.

தீர்வு நடவடிக்கையின் வாசலில் நொடிப்பை நிரூபிக்க வேண்டியதுகூட இல்லை. தவணை தப்பியதைக் காட்டினால் போதும். குறைந்த தொகை 1 லட்சமாக இருந்தது, 2020 மார்ச் 24இல் 1 கோடியாக உயர்ந்தது. வங்கி என்றால் 7ஆம் பிரிவு. சரக்கு போட்டவர் என்றால் முதலில் கோரிக்கை அறிவிப்பு அனுப்பி 10 நாள் காத்திருந்து 9ஆம் பிரிவு. கம்பெனி தானே வந்தால் 10ஆம் பிரிவு. சரக்குத் தரத்தில் முன்பே தகராறு இருந்ததற்குக் கடிதம் இருந்தால் 9ஆம் பிரிவு மனு நிற்காது. அதனால்தான் தரக் குறை பற்றிய மின்னஞ்சலை உடனுக்குடன் அனுப்பி வைக்கச் சொல்வது.

மனு ஏற்கப்பட்டதும் நிர்வாகம் இயக்குநர்களிடமிருந்து தீர்வு நிபுணர் கைக்குப் போகும். முடிக்கக் கெடு 180 நாள், நீட்டிப்பு 90, வழக்குகளையும் சேர்த்து 330 நாள். கடன் கொடுத்தோர் குழுவில் 66 சதவீத வாக்கு கிடைத்த மீட்புத் திட்டம் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும். கிடைக்காவிட்டால் கலைப்பு.

ஆகவே மனு ஏற்கப்பட்ட நாளில் 'கம்பெனி திவால்' என்று தலைப்புப் போடுவது, ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே கருமாதிப் பத்திரிகை அடிப்பது போல. ஜெட் ஏர்வேஸை எடுத்துக்கொள்ளுங்கள். பறப்பது நின்றது 2019 ஏப்ரலில், மனு ஏற்கப்பட்டது அதே ஆண்டு ஜூனில், உச்ச நீதிமன்றம் கலைக்கச் சொன்னது 2024 நவம்பரில். இந்த ஐந்தரை ஆண்டில் மூன்று வேறு நிலைகள், ஆனால் தலைப்புகளில் ஒரே சொல்.

பேரேடு

அப்படியானால் கலைப்பு என்றாலே தோல்வி என்று வைத்துக்கொள்ளலாமா?

கணக்குப்பிள்ளை

கூடாது. கடனே இல்லாத கம்பெனியையும் கலைக்கலாம். பெரும்பான்மை இயக்குநர்கள் 'கடன் இல்லை, அல்லது சொத்தை விற்று முழுவதும் அடைத்துவிடலாம்' என்று உறுதிமொழி கொடுத்துத் தாமே கலைப்பது 59ஆம் பிரிவு. சும்மா கிடக்கும் கம்பெனியின் பெயரைப் பதிவாளர் ஏட்டிலிருந்து எடுப்பது 'பெயர் நீக்கம்', அது கலைப்புகூட இல்லை. கடையை இழுத்து மூடுவது வெறும் மூடல். மூன்றுக்கும் திவாலுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

நொடிப்பால் வரும் கலைப்பில் பணம் யாருக்கு முதலில் என்பதற்கு வரிசை உண்டு. முதலில் நடவடிக்கைச் செலவு. அடுத்துத் தொழிலாளர்களின் 24 மாதப் பாக்கியும் பிணையை விட்டுக்கொடுத்த வங்கிகளும் சமமாக. பிறகு மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம், பிணையில்லாமல் கடன் கொடுத்த நிதி நிறுவனங்கள், அதன் பின் அரசு வரி. சரக்கு போட்ட சிறு வியாபாரி அதற்கும் கீழே, பங்குதாரர் கடைசி. 'கம்பெனி கலைந்தது, என் பில் வரும்' என்று காத்திருப்பவர் எந்த வரிசையில் நிற்கிறார் என்று இதிலிருந்து தெரியும்.

கூட்டு நிறுவனம் வேறு கதை. ஒரு கூட்டாளி நொடித்துவிட்டால் அவர் பங்குக் குறையை யார் ஏற்பது என்பதற்கு 1904ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வந்த கார்னர் எதிர் முர்ரே தீர்ப்பு. சொத்தை விற்றதில் வந்த நட்டத்தை லாப விகிதத்தில் பிரி. நொடித்த கூட்டாளி கொண்டுவராத குறையை மற்றவர்கள் தாம் போட்ட முதலின் விகிதத்தில் சும. பிளஸ் டூ மாணவர்கள் குழம்புவது இந்த இரண்டு விகிதங்களில்தான். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் இந்த விதி ஓடாது.

சொல்வேர்

வங்கிகளையும் சொல்லிவிடுங்கள், 'வங்கி திவால்' என்பது வாட்ஸ்அப்பின் பிரியமான தலைப்பு.

கோர்ட்வாசல்

2016ஆம் ஆண்டுச் சட்டம் வங்கிகளைத் தொடாது. வங்கி தள்ளாடினால் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45ஆம் பிரிவுப்படி தடைக்காலம் வரும். கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பர் 17இல் அப்படித்தான் வந்தது. எடுக்கும் தொகைக்கு 25,000 ரூபாய் வரம்பு. பத்தே நாளில் டி.பி.எஸ். வங்கி இந்தியாவோடு இணைந்தது. அதைத் திவால் என்று எழுதினால் தவறு. 'தடைக்காலம்', பிறகு 'இணைப்பு'.

தடைக்காலம் என்ற சொல்லிலும் ஒரு சிக்கல். மாரட்டோரியம் மூன்று இடத்தில் வருகிறது. வங்கி வாடிக்கையாளர் பணம் எடுக்கத் தடை ஒன்று. கம்பெனிமேல் வழக்கும் வசூலும் நடத்தத் தடை இன்னொன்று. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கடனாளிகளுக்கு ரிசர்வ் வங்கி அனுமதித்த தவணைத் தள்ளிவைப்பு மூன்றாவது. முதல் இரண்டும் தடை, மூன்றாவது சலுகை. மூன்றாவதற்குத் 'தவணை ஒத்திவைப்பு' என்றால் போதும்.

சென்னையில் வங்கி முறிவுக்கு மூத்த உதாரணம் அர்பத்நாட் வங்கி. 1906 அக்டோபரில் விழுந்தது. வைத்திருந்த பணத்தைப் பறிகொடுத்தவர்கள் ஏராளம், அதை நடத்திய சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குச் சிறைத்தண்டனை. அந்த அதிர்ச்சியில் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907இல் தொடங்கியது இந்தியன் வங்கி. அங்கே நொடிப்பும் இருந்தது, மோசடியும் இருந்தது. இரண்டையும் ஒரே சொல்லால் சொல்ல முடியாது என்பதற்கு அதுவே சாட்சி.

தராசுமுள்

மோசடி என்றதும் நினைவுக்கு வருகிறது. கடைத்தெருப் பேச்சு இதில் வெகு துல்லியம், எழுத்துத் தமிழ்தான் மழுங்கல்.

தானே நட்டப்பட்டவனுக்கு: கையைக் கடித்துவிட்டது, கையைச் சுட்டுக்கொண்டான், முதலுக்கே மோசம், முழுகிட்டான், தலையில் துண்டு. இவற்றிலும் படி உண்டு. 'கையைக் கடிக்குது' என்றால் லாபம் போய்ச் செலவுக்குக் காணவில்லை, அவ்வளவுதான், முதல் பத்திரம். 'முதலுக்கே மோசம்' வந்தால் போட்ட பணம் கரையத் தொடங்கிவிட்டது. 'ரொட்டேஷன் நின்னுபோச்சு' என்பதுதான் உண்மையான அபாய மணி, ஏனென்றால் பழைய பாக்கி அடைக்கப் புதுச் சரக்கு கடனில் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அதன் பிறகு மாதக்கணக்கு இல்லை, நாள்கணக்குதான்.

அடுத்தவனை நட்டப்படுத்தியவனுக்கு: நாமம் போட்டான், ஏப்பம் விட்டான், சுருட்டினான், கம்பி நீட்டினான். சீட்டுப் பணத்தோடு ஓடியவனைத் 'திவாலாயிட்டான்' என்று எவரும் சொல்ல மாட்டார்கள். அவன் கம்பி நீட்டியவன். செய்தியில் மட்டும் 'நிதி நிறுவனம் திவால்' என்று வந்துவிடுகிறது, ஓடியவனுக்கு அது இலவச மரியாதை.

'பாப்பர்' பற்றி ஒரு வார்த்தை. 'பாப்பராயிட்டான்' என்பது கோர்ட்டிலிருந்து தெருவுக்கு வந்தது. கோர்ட் ஃபீஸ் கட்ட வழியில்லாதவர் போடும் வழக்கு பாப்பர் சூட், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 33ஆம் கட்டளை. 1976 திருத்தத்தில் சட்டம் அந்தச் சொல்லைக் கைவிட்டு 'வறியவர்' என்ற பொருளில் வேறு சொல் போட்டது. தெரு இன்னும் விடவில்லை. கடனே இல்லாதவரும் பாப்பர் ஆகலாம், கோடிக்கணக்கில் கடன் உள்ளவர் பாப்பர் ஆகாமலும் இருக்கலாம். திவாலுக்கு நேர்ச்சொல்லாகப் போட வேண்டாம்.

அசல்வட்டி

ரைட் ஆஃபுக்கு யாரும் வரவில்லையே. 'கோடீஸ்வரர்களுக்குக் கடன் தள்ளுபடி' என்பதில் தொடங்கித்தான் எல்லாச் சண்டையும்.

கணக்குப்பிள்ளை

தமிழ்நாட்டுக் கணக்குப்பதிவியல் பாடநூலில் அருமையான சொல் ஏற்கெனவே இருக்கிறது: 'போக்கெழுதுதல்'. பேரேட்டில் போக்கு என்று எழுதிவிடுவது. ஏன் யாரும் எடுத்தாள்வதில்லை என்று தெரியவில்லை.

50 லட்சம் கடன் வரவில்லை என்றால் வங்கி தன் லாபத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கு வைக்கும். முழுத் தொகைக்கும் ஒதுக்கு வைத்த பிறகு சொத்துப் பட்டியலில் அந்தக் கடனைக் காட்டுவதில் பயனில்லை, எடுத்துவிடும். அது போக்கெழுதல். கடனாளி அன்றும் 50 லட்சமும் வட்டியும் கொடுக்கக் கடமைப்பட்டவர்தான். வழக்கு, ஏலம் எல்லாம் தொடரும். பின்னால் 10 லட்சம் வந்தால் வங்கிக்கு அது அந்த ஆண்டின் வரவு.

தள்ளுபடி என்பது 'நீ கொடுக்க வேண்டாம்' என்று விடுவது. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு அறிவித்த 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அந்த ரகம். விவசாயியின் கடன் தீர்ந்தது, பணத்தை அரசு ஏற்றது. போக்கெழுதியதையெல்லாம் தள்ளுபடி என்பது பிழை. போக்கெழுதியதெல்லாம் திரும்ப வந்துவிடும் என்று வாதாடுவதும் அதே அளவு பிழை. அந்த நிலைக்குப் போன கடனில் பெரும்பங்கு வருவதில்லை.

இன்னொன்று, வங்கிகள் என்.பி.ஏ. (நான் பெர்ஃபார்மிங் அசெட்) என்று சொல்லும், தவணை வராமல் நிற்கும் கடனுக்கு 'வாராக்கடன்' என்று பழகிவிட்டோம். அது மிகை. 90 நாள் பாக்கி விழுந்தால் என்.பி.ஏ. முழுப் பாக்கியையும் கட்டிவிட்டால் மறுபடி ஒழுங்கான கடன். வாராக்கடன் என்பது இனி வராது என்று முடிவான கடன், பேட் டெட். என்.பி.ஏ.வுக்கு 'முடங்கிய கடன்' என்பது என் யோசனை. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

சொல்வேர்

வருகிறேன். 'முடங்கிய' என்றால் இனி எழாதது போலத் தொனிக்கிறது, உங்கள் விளக்கத்துக்கே எதிர். 'தேங்கிய கடன்' என்றால் ஓடவும் வாய்ப்பு இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

ஒப்புக்கொள்கிறேன். தேங்கிய கடன்.

தராசுமுள்

ஹேர்கட்டுக்கு, அதாவது பைசலில் கடன் கொடுத்தவர் இழக்கும் பங்குக்கு, என்ன செய்வது? ஒரு இடத்தில் 'வங்கிகளுக்கு 70 சதவீத முடிவெட்டு' என்று பார்த்து ஐந்து நிமிடம் சிரிப்பு அடங்கவில்லை.

சொல்வேர்

வியாபாரிகள் நூறு வருடமாகச் சொல்வது இருக்கிறதே: 'ரூபாய்க்கு நாலணா கொடுத்துப் பைசல் பண்ணினான்'. அதாவது 75 சதவீதம் போச்சு. அணா போய் எத்தனையோ காலம் ஆகியும் இந்தக் கணக்கு இன்றும் புரிகிறது. பெயர்ச்சொல் வேண்டுமென்றால் 'விட்டுக்கொடுப்பு'. '70 சதவீத விட்டுக்கொடுப்பில் வங்கிகள் பைசல்' என்றால் தலைப்பிலும் அடங்கும்.

பைசல், வசூல், பாக்கி, ஜப்தி, ஜாமீன், அசல், அமீனா எல்லாம் நவாபு காலத்துக் கோர்ட்டு கச்சேரி மொழி. ஏலம் போர்த்துகீசியம் வழி வந்தது. கடன்பட்டவன் பேசும் சொல் தமிழில் இருக்க, வசூலிக்க வருபவன் சொல்லெல்லாம் வெளியிலிருந்து வந்திருப்பது தற்செயலா என்று தெரியாது!

கோர்ட்வாசல்

ஜப்தி பற்றி ஒரு திருத்தம். வங்கி வீட்டை எடுப்பதை 'ஜப்தி' என்று எழுதுகிறார்கள். ஜப்தி என்பது நீதிமன்றம் செய்வது. விற்கவோ மாற்றவோ கூடாது என்று சொத்தைக் கட்டிவைப்பது. வழக்குப் போடாமலே பிணையை எடுக்க வங்கிக்கு வழிசெய்யும் 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தில் வங்கி செய்வது சுவாதீனம், அதாவது சொத்தைத் தன் வசம் எடுப்பது. கடன் தேங்கிய பிறகு 60 நாள் நோட்டீஸ், அதற்கும் கட்டாவிட்டால் சுவாதீன அறிவிப்பு. கதவில் ஒட்டி, இரண்டு நாளிதழில் போட்டால் அது அடையாளச் சுவாதீனம். ஆள் உள்ளேயே குடியிருப்பார். மாஜிஸ்திரேட் ஆணையோடு வந்து பூட்டினால் நேரடிச் சுவாதீனம். எதிர்த்துக் கடன் வசூல் தீர்ப்பாயம் போக 45 நாள். பேப்பரில் பெயர் வந்துவிட்டதால் திவால் என்று பேசுவார்கள். உண்மையில் அது பிணையை எடுக்கும் நடவடிக்கை மட்டும்.

பேரேடு

சோதனைக்கு ஒரு வாக்கியம். வந்த செய்தி இப்படி: 'கடனைக் கட்டாததால் திவாலான நூற்பாலை, வங்கியால் ஜப்தி செய்யப்பட்டு, கடன் தள்ளுபடி ஆனது.' இங்கே பேசியதை வைத்துத் திருத்தியது: 'தவணை தப்பிய நூற்பாலையை வங்கி சுவாதீனம் எடுத்தது, மீதிக் கடனைப் போக்கெழுதியது.' சரியா?

கணக்குப்பிள்ளை

சரி. திவால் என்ற சொல்லே தேவைப்படவில்லை பாருங்கள். ஏலத்தில் என்ன வந்தது என்று ஒரு வரி சேர்த்தால்தான் 'மீதி' எவ்வளவு என்று புரியும்.

வாங்குப்பலகை

எங்கட பேப்பருக்கு என்றால் போக்கெழுதியதற்குப் பதிலாகப் 'பதிவழித்தது' என்று மாற்றுங்கள். இரண்டு சொல்லையும் பட்டியலில் போட்டு நாட்டுக் குறிப்புக் கொடுப்பது நல்லது. அதோடு வங்குரோத்து என்பதைச் சிலர் 'வங்குறோத்து' என்றும் எழுதுகிறார்கள். தேடுகிறவருக்கு உதவும், இரண்டையும் சேர்த்துவிடுங்கள்.

பேரேடு

சேர்த்தாயிற்று. தலைச்சொல் சின்ன 'ரோ', மற்றது 'பார்க்க' என்று.